ஒரே ஸ்டுடியோ, இரண்டு சவ ஊர்வலம்

அசலும் ரீமேக்கும்: வரலாற்றுத் தொடர், அத்தியாயம் 9

20 சதவீதம்!

சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். பான்கேக் மாவு கம்பெனி தொடங்கப்போகும் எஜமானி பீ புல்மன், தன் வீட்டுச் சமையல்காரி டெலைலாவிடம் சொல்கிறாள்: கம்பெனியில் உனக்கு 20 சதவீதம். இனி நீ சொந்த வீட்டில் இருக்கலாம், சொந்தக் கார் வைத்துக்கொள்ளலாம்.

டெலைலாவின் முகம் வாடிப்போகிறது. சொந்த வீடா? அப்படியானால் என்னை வெளியே அனுப்பப்போகிறீர்களா? நான் பக்கத்தில் இல்லாவிட்டால் உங்களையும் குழந்தை ஜெஸ்ஸியையும் யார் கவனித்துக்கொள்வார்கள்? எனக்குப் பங்கு வேண்டாம். அந்தச் செய்முறையை நான் உங்களுக்குக் கொடுத்த பரிசாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செய்முறை டெலைலாவின் குடும்பச் சொத்து. மாவுப் பெட்டியின் மேல் அச்சாகப்போவது அவள் முகம், அவள் பெயர். பீ போட்ட முதல் என்ன? தைரியம், வாய்ச் சாமர்த்தியம், கடன் சொல்லும் லாகவம். அவளுக்கு 80, இவளுக்கு 20. அந்த 20-ஐயும் இவளே திருப்பித் தந்துவிடுகிறாள். 1934-ல் அரங்கில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு தங்கமான மனசு!

இந்த வாரம்தான் தொடரில் சேர்ந்துகொள்கிறவர்களுக்காக நாலு வரி. படம் 'இமிடேஷன் ஆஃப் லைஃப்'. போலி வாழ்க்கை என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஃபேனி ஹர்ஸ்ட் எழுதி 1933-ல் புத்தகமான நாவல். அதற்கு முன் 'ஷுகர் ஹவுஸ்' என்ற வேறு தலைப்பில் ஒரு பெண்கள் பத்திரிகையில் வெளிவந்த தொடர்கதை. ஆகவே 'அடுத்த இதழில்' என்று வாசகியைத் தவிக்கவிடும் வித்தை இந்தக் கதையின் ரத்தத்திலேயே உண்டு. யூனிவர்சல் ஸ்டுடியோ 1934-ல் ஒருமுறையும் 1959-ல் ஒருமுறையும் இதைப் படமாக்கியது. முதலில் ஜான் ஸ்டால், பிறகு டக்ளஸ் சிர்க். ஸ்டால் எடுத்த படங்களில் மூன்றைச் சிர்க் பின்னாளில் அதே ஸ்டுடியோவுக்காக மறுபடி எடுத்தார். மற்ற இரண்டைப் பற்றி இங்கே சொல்வதற்கு அதிகம் இல்லை. இது வேறு.

கதை இதுதான். கணவனை இழந்த பீ, கைக்குழந்தையோடு மேப்பிள் பாகு விற்றுப் பிழைக்கிறாள். வேலை கேட்டு விலாசம் தவறி வந்து நிற்கிறாள் டெலைலா. அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, பியோலா. அம்மா கறுப்பு, குழந்தை வெளுப்பு. பார்த்தால் வெள்ளைக்காரக் குழந்தை என்றுதான் சொல்வார்கள். இரண்டு தாய்களும் சேர்ந்து அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் பான்கேக் கடை போடுகிறார்கள். நம் ஊர் கோதுமை தோசைக்குத் தூரத்துச் சொந்தம் பான்கேக். கொஞ்சம் தடிமன், மேலே பாகு. எல்மர் என்கிற வேலையில்லாத ஆசாமி ஒருநாள் பசியோடு வந்து, தின்ற பான்கேக்குக்குக் கூலியாக ஒரு யோசனை சொல்கிறான். மாவைப் பெட்டியில் போட்டு விற்பதுதானே! அந்த ஒரு வாக்கியத்தில் பீ கோடீஸ்வரி ஆகிறாள்.

கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஓவியனுக்காக டெலைலாவைச் சிரிக்கச் சொல்கிறாள் பீ. அவள் சிரிக்கிறாள். இன்னும் பெரிதாக என்கிறாள் பீ. பல்லெல்லாம் தெரிய, கண்கள் விரிய, சிரிப்பை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு நிற்கிறாள் டெலைலா. எதிரே பீ தன் போக்கில் பேசிக்கொண்டே இருக்கிறாள். சிரிப்பு கலையவில்லை. நகைச்சுவைக் காட்சியாக எடுக்கப்பட்டது அது. அன்றைய அமெரிக்கக் குடும்பங்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். 1889-ல் தொடங்கிய 'ஆன்ட் ஜெமைமா' பான்கேக் மாவின் பெட்டியில் தலையில் துணி கட்டிய கறுப்பினப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை அமெரிக்கக் கடைகளிலிருந்து எடுக்க 2021 ஆயிற்று.

டெலைலாவாக நடித்த லூயிஸ் பீவர்ஸ் ஒஹையோவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். படத்தில் அவர் பேசும் தென்மாநிலக் கொச்சை அவருடைய பேச்சே இல்லை, இதற்காகக் கற்றுக்கொண்டது. சிரிப்பு போலி, பேச்சும் போலி. நடிப்பு மட்டும் அசல்.

இன்னொரு காட்சி. நியூயார்க்கில் பெரிய மாளிகை, இரவு விருந்து முடிந்துவிட்டது. இரண்டு பெண்களும் பேசிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மாடிப்படியின் நடுவில் ஸ்டாலின் கேமரா அசையாமல் நிற்கிறது. பீ மேலே ஏறுகிறாள். டெலைலா கீழே இறங்குகிறாள். அவளுடைய அறை அடித்தளத்தில். வசனம் இல்லை. விமர்சகர்கள் இந்த ஒரு ஷாட்டை வைத்துக் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஸ்டால் தெரிந்து செய்தாரா, வீட்டின் அமைப்பு அப்படி விழுந்ததா என்பது வேறு சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. படி பொய் சொல்லாது.

கறுப்பினக் கவிஞரும் விமர்சகருமான ஸ்டெர்லிங் பிரவுன் 1935-ல் ஒரு பத்திரிகையில் இந்தப் படத்தைப் பிய்த்து உதறினார். டெலைலா போன்ற பெண்ணை எங்கே பார்த்தீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம். நாவலாசிரியை ஹர்ஸ்டுக்கு ரோஷம் வந்து பதில் எழுதினார். 1938-ல் லாங்ஸ்டன் ஹியூஸ் ஹார்லெமில் ஒரு குட்டி நாடகம் போட்டார். அதில் எஜமானி கறுப்பு, விழுந்து விழுந்து சேவை செய்யும் வேலைக்காரி வெள்ளை! ஒரு படத்துக்கு அதைவிடக் கூர்மையான விமர்சனம் எழுத முடியுமா என்ன?

ஆனால் அரங்கை அதிரவைத்தது டெலைலாவின் தியாகம் இல்லை. அவள் மகள்.

★

மழை நாள். பள்ளிக்கூட வகுப்பறை. குழந்தைக்கு மழைச் சட்டை கொண்டுவந்து வாசலில் நிற்கிறாள் டெலைலா. ஆசிரியை நிமிர்ந்து பார்த்து, இந்த வகுப்பில் கறுப்பினக் குழந்தைகள் யாரும் இல்லையே என்கிறாள். பெஞ்சில் ஒரு சிறுமி புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறாள். தாய் பார்த்துவிடுகிறாள். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. பியோலா எழுந்து வந்து, அம்மாவைக் கடக்கும்போது சொல்வது ஒன்றுதான்: உன்னை வெறுக்கிறேன்.

கறுப்பினத்தில் பிறந்து, நிறத்தின் தயவால் வெள்ளையராக நடமாடுவதற்கு அமெரிக்காவில் 'பாஸிங்' என்று பெயர். பரீட்சையில் தேறுவதற்கும் அதே சொல். வர்ஜீனியா மாநிலத்தில் 1924-ல் வந்த சட்டப்படி, முன்னோரில் ஒருவர் கறுப்பர் என்றால் நீங்களும் கறுப்பர், தோல் என்ன நிறமாக இருந்தாலும் சரி. அப்படிப்பட்டவர் வெள்ளையரைக் கல்யாணம் செய்தால் குற்றம். எனவே பியோலா திரையில் நடந்துவருவதே தணிக்கைக்காரர்களுக்குத் தலைவலி. ஹாலிவுட்டின் நெறிமுறை அலுவலகத்தை 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் கெடுபிடியாக நடத்தத் தொடங்கியிருந்தார். இரு இனத்தார் உறவைக் காட்டக் கூடாது என்பது விதி. படத்திலோ அப்படி எந்த உறவும் இல்லை. ஆனால் இவ்வளவு வெளுப்பான பெண் எப்படிப் பிறந்தாள் என்று பார்ப்பவன் யோசிப்பானே! அந்த யோசனைக்கே ஆட்சேபணை. திரைக்கதையில் ஒரு கறுப்பின இளைஞனைக் கும்பல் அடித்துத் தூக்கிலிடப் போகும் காட்சியும் இருந்தது. அது வெட்டுப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஸ்டால் ஒரு காரியம் செய்தார். வளர்ந்த பியோலாவாக நடிக்க உண்மையிலேயே ஒரு கறுப்பின நடிகையைப் பிடித்தார். ஃப்ரெடி வாஷிங்டன், ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் 1903-ல் பிறந்தவர். பச்சை நிறக் கண்கள், வெளிர் தோல். தான் கறுப்பினம் என்பதை மறைத்தால் பெரிய நட்சத்திரம் ஆகலாம் என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு. அவர் மறுத்துவிட்டார். ஓராண்டுக்கு முன் 'எம்பரர் ஜோன்ஸ்' படத்தில் பால் ராப்சனுக்கு ஜோடியாக நடித்தபோது நடந்தது இதைவிடக் கூத்து. ராப்சன் ஒரு வெள்ளைக்காரியை அணைத்துக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது என்று சொல்லி அவர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசினார்கள்! ஒரு படத்துக்கு அவர் போதுமான அளவு கறுப்பு இல்லை. அடுத்த படத்தில் வெள்ளையாக வேஷம் கட்டும் பெண். நிஜ வாழ்க்கையில் பியோலா செய்த எதையும் செய்யாதவர், பியோலா நான் இல்லை என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 1937-ல் கறுப்பின நடிகர்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். அதே ஆண்டோடு அவருடைய சினிமா வாழ்க்கை முடிந்தது.

கதைக்கு வருவோம். பியோலா வீட்டை விட்டு ஓடுகிறாள். ஓர் உணவகத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள், வெள்ளைக்காரியாக. தேடிக்கொண்டு வந்து நிற்கிறாள் தாய். இந்தப் பெண்பிள்ளையை எனக்குத் தெரியாது என்கிறாள் மகள். இந்தக் கல்லாவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 25 வருஷம் கழித்து அது இடம் மாறப்போகிறது.

டெலைலா மனமுடைந்து சாகிறாள். அவள் பான்கேக் பணத்தில் தனக்கென்று கேட்டு வைத்தது ஒன்றே ஒன்றுதான்: விமரிசையான சாவு. வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டி, வாத்தியம், ஊர்வலம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்து கதறுகிறாள் பியோலா. நாவலில் அவள் திரும்பி வருவதே இல்லை. வெள்ளைக்காரனை மணந்து, பிள்ளை பிறக்காதபடி அறுவை செய்துகொண்டு பொலிவியாவுக்குப் போய்விடுகிறாள். சினிமாதான் அவளைத் திரும்ப அழைத்துவந்து அழவைத்தது.

படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பிடித்தது. பீவர்ஸுக்குப் பரிந்துரைகூட இல்லை. துணை நடிகைக்கான பரிசு என்ற ஒன்றே அப்போது தொடங்கப்படவில்லை. பீ-யாக நடித்த க்ளாடெட் கோல்பர்ட் அந்த ஆண்டு சிறந்த நடிகை ஆனார். ஆனால் வேறு படத்துக்காக.

அதன்பின் 24 வருஷம் கதை யூனிவர்சலின் அலமாரியில் தூங்கியது. அதை எழுப்பிய காலம் ஒரு கொலையோடு தொடங்குகிறது.

★

1958 ஏப்ரல் 4, புனித வெள்ளி இரவு. பெவர்லி ஹில்ஸில் நடிகை லானா டர்னரின் வீடு. அவருடைய காதலன் ஜானி ஸ்டம்பனாட்டோ, ரவுடிக் கும்பலோடு பழக்கம் உள்ளவன், படுக்கையறையில் கத்திக்குத்துப்பட்டுச் சாகிறான். குத்தியது லானாவின் 14 வயது மகள். அம்மாவை அவன் மிரட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு, சமையலறைக் கத்தியோடு மாடி ஏறியிருக்கிறாள். மரண விசாரணையில் ஜூரி சொன்னது: நியாயமான கொலை. சாட்சிக் கூண்டில் லானா பேசியதை நாடே கேட்டது. நடிக்கிறாரா, உண்மையாகவே அழுகிறாரா என்று பட்டிமன்றம் நடந்தது.

அவருடைய கதை முடிந்துவிட்டது என்று ஹாலிவுட் நினைத்தபோது, தயாரிப்பாளர் ராஸ் ஹன்டர் ஒரு ஸ்கிரிப்டோடு வந்தார். மகளைக் கவனிக்காத தாயாக நடிக்க வேண்டும். துணிச்சலா, இரக்கமில்லாமையா? இரண்டும்தான். அந்த ஆகஸ்டிலேயே படப்பிடிப்பு. லானா சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாபத்தில் பங்கு கேட்டார், கிடைத்தது. படம் 1959-ன் பெரிய வசூல் படங்களில் ஒன்றாக ஓடியது. லானா பணத்தை அள்ளினார்.

லாபத்தில் பங்கு! இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இப்போது புதிய படத்தைப் பாருங்கள். அதில் பான்கேக் இல்லை. கம்பெனி இல்லை. செய்முறை, பெட்டி, 20 சதவீதம் எதுவுமே இல்லை. எஜமானி லோரா இப்போது மேடை நடிகை. அன்னி என்று பெயர் மாறிய கறுப்பினத் தாய் அவள் வீட்டில் சமைக்கிறாள், துவைக்கிறாள், பில் கட்ட வந்தவனைச் சமாளிக்கிறாள், அவ்வளவுதான். சிர்க் பின்னாளில் ஒரு பேட்டியில் தந்த விளக்கம்: இந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணிடம் அவ்வளவு பணம் சேர்ந்தால் அவளே வீடு வாங்கிக்கொண்டு போய்விடுவாள், எஜமானியை அண்டி இருக்க மாட்டாள், கதை நிற்காது. நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. முதல் படத்தில் திருட்டு நம் கண்ணெதிரே நடந்தது, அது திருட்டு என்று படத்துக்குத் தெரியவில்லை. இரண்டாம் படத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் திருடுபோன பொருளையே கதையிலிருந்து எடுத்துவிட்டது.

அப்படியானால் சிர்க் என்னதான் செய்தார்?

டைட்டில் காட்சியிலிருந்தே ஆரம்பிக்கிறார். கறுப்புப் பின்னணியில் வைரங்கள் ஒவ்வொன்றாக மெதுவாக விழுந்து திரையை நிரப்புகின்றன. எல்லாம் கண்ணாடிக் கல். பின்னணியில் ஒரு பாட்டு. நாட் கிங் கோல் பாடுகிறார் என்று சத்தியம் செய்வீர்கள். பாடியவர் ஏர்ல் கிராண்ட். பாட்டில்கூட அசல் போன்ற குரல்! ஸ்டாலின் கறுப்பு வெள்ளையில் வீடு வீடாகத்தான் இருந்தது. சிர்க்கின் வண்ணத்தில் வீடு நகைக்கடை ஷோகேஸ் மாதிரி மின்னுகிறது. எங்கே பார்த்தாலும் கண்ணாடி, எங்கே பார்த்தாலும் படிக்கட்டுக் கம்பி. மனிதர்கள் நேராகத் தெரிவதைவிடப் பிம்பமாகத் தெரிவதுதான் அதிகம்.

அந்த மினுக்கலுக்கு நடுவே சின்னச் சின்ன ஊசிகளைச் சொருகி வைத்திருக்கிறார். லோராவின் குழந்தை, வந்திறங்கிய குட்டி சாரா ஜேனுக்கு (இவள்தான் புதிய பியோலா) அன்போடு ஒரு பொம்மை தருகிறது. கறுப்புப் பொம்மை. சாரா ஜேனுக்கு வேண்டியது வெள்ளைப் பொம்மை. பள்ளிக்கூடக் காட்சியும் உண்டு. மழைக்குப் பதில் பனி, மழைச் சட்டைக்குப் பதில் ரப்பர் பூட்ஸ். பழைய பியோலா 'உன்னை வெறுக்கிறேன்' என்றாள். சாரா ஜேன் பனியில் ஓடிக்கொண்டே கேட்பது வேறு: நீ ஏன் எனக்கு அம்மாவாக இருக்கணும்? வெறுப்பைச் சொன்னால் தாய் பதில் சொல்லிவிடலாம். இந்தக் கேள்விக்கு எந்தத் தாய் பதில் சொல்வாள்?

இன்னொரு ஊசி எஜமானிக்கு. வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தபின் ஒருநாள் அன்னி பேச்சுவாக்கில் தன் தேவாலயத்து நண்பர்களைப் பற்றிச் சொல்கிறாள். உனக்கு இவ்வளவு சிநேகிதர்கள் இருக்கிறார்களா என்று லோரா ஆச்சரியப்படுகிறாள். நீங்கள் கேட்டதே இல்லையேம்மா என்கிறாள் அன்னி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. தகவல்போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். 1934 படம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வரி கிடைக்காது. அன்னியாக நடித்த வனீட்டா மூர் இந்த ஒரு வரிக்காகவே பரிசு வாங்கியிருக்க வேண்டும். அவரும் சாரா ஜேனாக நடித்தவரும் துணை நடிகை ஆஸ்கருக்கு ஒன்றாகவே பரிந்துரைக்கப்பட்டார்கள், இருவருமே தோற்றார்கள். பரிந்துரைக்கு முன்புதான் தனக்கு அதிக வேலை இருந்தது என்று மூர் பின்னால் சொன்னார்.

சாரா ஜேனாக நடித்தவர் யார்? இங்கேதான் ரீமேக் சறுக்குகிறது. 1934-ல், தணிக்கை கழுத்தைப் பிடித்திருந்த நாளில், அந்த வேஷத்தில் ஒரு கறுப்பினப் பெண் நடித்தாள். 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும் வென்ற பிறகு, 1959-ல், அதே வேஷம் சூசன் கோனருக்குப் போனது. அவருடைய அப்பா பொஹீமியாவிலிருந்து வந்த யூதர், அம்மா மெக்சிகோ நடிகை. கறுப்பினத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. பிரமாதமாக நடித்தார், அதில் சந்தேகமே வேண்டாம். காதலன் உண்மை தெரிந்து சந்தில் அவளை அறைந்து தள்ளும் காட்சியில், ஜாஸ் இசை காதைக் கிழிக்க, அவர் முகத்தில் இருப்பது நடிப்பா என்று தோன்றும். ஆனாலும் வெள்ளையாக நடிக்கும் கறுப்புப் பெண்ணாக, கறுப்பர் அல்லாத ஒருவர் நடிக்கிறார். போலிக்குள் போலி. ஃப்ரெடி வாஷிங்டன் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

ஒரு கிளைக்கதை, சொல்லாமல் விட மனசில்லை. சூசனின் அம்மா லூப்பிட்டா தோவார், அப்பா பால் கோனர் இருவரும் இதே யூனிவர்சலில் வேலை பார்த்தவர்கள். பேசும் படம் வந்த புதிதில் அங்கே பகலில் ஆங்கில 'டிராகுலா' எடுப்பார்கள். ஆட்கள் போனதும் அதே செட்டில் இரவில் ஸ்பானிஷ் 'டிராகுலா' எடுப்பார்கள். இரவுப் படத்தின் கதாநாயகி லூப்பிட்டா, அதை நடத்தியவர் பால். இரவுப் படம் பகல் படத்தைவிட மேல் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆக, சாரா ஜேன் ஒரு ரீமேக் காதலில் பிறந்த பெண்.

★

இனி அந்தக் கல்லா.

சிர்க் அதைத் தூக்கிவிட்டு மேடை போட்டார். ஓடிப்போன சாரா ஜேன் மதுக் கூடத்தில் பாடுகிறாள், அரைகுறை உடையில், ஆண்கள் இளித்துக்கொண்டு பார்க்க. தாய் தேடி வருகிறாள். இந்த முறை கல்லாவுக்கு எதிரே வெளிச்சத்தில் நிற்கவில்லை. இருட்டில், வாடிக்கையாளர்களுக்குப் பின்னால், ஒளிந்துகொண்டு நிற்கிறாள். மகள் மேடையில், விளக்கில். பிறகு ஹாலிவுட்டில் பெரிய கிளப்பிலும் இன்னொரு தடவை அப்படியே. நடனப் பெண்களின் வரிசையில் மகள் சிரித்துக்கொண்டே சுழல்கிறாள், தாய் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்கிறாள். தொட முடியாது, கூப்பிட முடியாது, பெயர் சொல்ல முடியாது. பார்க்க மட்டும்தான் முடியும்.

அடுத்து மகளின் விடுதி அறைக்குப் போய் ஒரே ஒரு தடவை கட்டிக்கொள்கிறாள். உள்ளே நுழைந்துவிட்ட தோழியிடம், தான் இந்தப் பெண்ணைச் சின்ன வயசில் வளர்த்த ஆயா என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். அம்மா ஆயாவாக வேஷம் போடுகிறாள், மகளின் வேஷம் கலையாமல் இருக்க. ஸ்டால் படத்தில் இது கிடையாது.

சவ ஊர்வலம் இந்த முறையும் உண்டு, முன்னைவிடப் பிரம்மாண்டமாக. தேவாலயத்தில் மஹேலியா ஜாக்சன் பாடுகிறார். நான்கு வெள்ளைக் குதிரைகள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சாரா ஜேன் வந்து பூக்களின் மேல் விழுகிறாள். இரண்டு படங்களையும் ஒரே ராத்திரியில் போட்டுப் பார்த்தேன். ஸ்டாலின் ஊர்வலத்துக்கு நான் அழவில்லை, சிர்க்கின் ஊர்வலத்துக்கு அழுதேன். மறுவாரம் மறுபடி பார்த்தபோது ஸ்டாலிடம் அழுதுவிட்டேன், அந்த மாடிப்படியில். இரண்டில் எது மேல் என்று கேட்டால், தாய்க்குச் சிர்க், மகளுக்கு ஸ்டால் என்பேன். அமெரிக்க அரசின் திரைப்படப் பாதுகாப்புப் பட்டியலில் முதல் படம் 2005-லும் இரண்டாவது 2015-லும் சேர்ந்தன. அவர்களாலும் ஒன்றைத் தள்ள முடியவில்லை.

படம் வெள்ளமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சிர்க் ஹாலிவுட்டை விட்டுக் கிளம்பினார். கையில் ஸ்டுடியோவின் மிகப் பெரிய வெற்றி. வயது 62. ஸ்விட்சர்லாந்துக்குப் போனவர் ஹாலிவுட்டில் மறுபடி ஒரு படம் எடுக்கவில்லை. அழுகைப் படக்காரர் என்று விமர்சகர்கள் மறந்தும் போனார்கள், 1971-ல் ஃபாஸ்பின்டர் என்கிற ஜெர்மன் இளைஞன் அவரைத் தேடி எடுத்து உலகத்துக்குக் காட்டும்வரை. அது பின்னால் வரும்.

அதற்கு முன் அந்தக் கல்லாவையும் மேடையையும் பற்றி ஒரு பாக்கி இருக்கிறது. சிர்க் ஏன் தாயை இருட்டில் பார்வையாளராக நிறுத்தினார்? ஹாலிவுட்டுக்கு வருமுன் அவர் ஜெர்மனியில் டெட்லெஃப் சியர்க். முதல் மனைவியிடம் ஒரு மகன் உண்டு, க்ளாஸ், 1925-ல் பிறந்தவன். விவாகரத்துக்குப் பின் அந்த அம்மாள் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். சிர்க்கின் இரண்டாம் மனைவி யூதர். அதைக் காட்டியே முதல் மனைவி, தகப்பன் மகனைப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிவிட்டார். அதோடு பையனைச் சினிமாவில் சேர்த்தார். க்ளாஸ் நாஜி ஜெர்மனியின் பெயர்பெற்ற குழந்தை நட்சத்திரம் ஆனான்.

1937-ல் நாட்டை விட்டுத் தப்பும்வரை, பெற்ற பிள்ளையைப் பார்க்க சிர்க்குக்கு இருந்த இடம் ஒன்றுதான். சினிமா தியேட்டர். விளக்கை அணைத்த பிறகு.

(தொடரும்)